பனிக்கு அடியில் நீலத் தானியம்

அதட்டி அதட்டியே அன்பு காட்டிய என் ரஞ்சி அக்கா,

உன் எக்கோர்ன்கள் செத்துப்போயின. எல்லாம் இல்லை. ஆனால் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியவில்லை. இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்துவிட்டு, சுற்றிவளைக்காமல் சொல்வதே நல்லது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நீயும் அப்படித்தான் கேட்பாய்: "விசயத்தைச் சொல்லு முதல்ல."

எழுதச் சொன்னது அத்தான். "அவளுக்கு நீ எழுது வதனி. ஆர் வாசிச்சாலும் பரவாயில்லை, எல்லாரும் வாசிக்கட்டும். நான் சொல்லப்போனால் பாதியிலை விட்டிடுவன்" என்றார். அதனால்தான் இதை மூடிய உறைக்குள் வைக்காமல் எழுதுகிறேன். உன்னை அறியாதவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சிலதையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எக்கோர்ன் என்பது இந்த நோர்வே நாட்டுச் சிவப்பு அணில். ஊர் அணிலைப் போல முதுகில் கோடு கிடையாது. காது நுனியில் மயிர்க் குஞ்சம், உடம்பளவுக்கு ஒரு வால். ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒரு சிறு ஊசியிலைத் தோப்பு இருக்கிறது. தோப்புக்கும் அப்பால் உள்ள மேட்டுக்கும் நடுவில் பஸ் போகும் வீதி. ஒரு குளிர்காலம் அந்த வீதியில் அடிபட்டுக் கிடந்த ஒன்றை நீ உன் தொப்பிக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு, அதுவரை ஒரு வணக்கத்துக்கு மேல் பேசியிராத கீழ்வீட்டு பெரித்தின் கதவைத் தட்டினாய். அது அவளுடைய குசினி மேசையிலேயே செத்தது. ஓய்வுபெற்ற நோர்வேஜியப் பெண்ணும் வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் அன்று சேர்ந்தீர்கள்.

வீதிக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டினீர்கள். மாதக்கணக்காக ஒரு எக்கோர்னும் அதில் ஏறவில்லை. "காகத்துக்கு ஊஞ்சல் கட்டி விட்டிருக்கிறியள்" என்று அத்தான் சிரித்தார். பிறகு ஒரு நாள் நான் வேலையில் நிற்கும்போது போன் எடுத்து, "போட்டுதடி! பாலத்தைக் கடந்து போட்டுது!" என்று நீ கத்தியது என் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

மரம் தறிக்க வந்த பெடியள் முன்னால் நீ நின்றதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூட்டுக்குள் குட்டிகள் இருக்கின்றன என்று சொல்லப்போய், சொல் மறந்து, "மேலே பிள்ளைகள்! மேலே பிள்ளைகள்!" என்று நீ நோர்வே மொழியான நொஸ்க்கில் அலற, அவர்கள் மரம் அரியும் வாளை நிறுத்திவிட்டு மரத்தின் உச்சியில் மனிதக் குழந்தைகளைத் தேடினார்களாம். அந்த மரம் இன்னும் நிற்கிறது.

போன இலையுதிர் காலத்தில் நீ போனாய். மேல்மாடி வீட்டில், உன் படுக்கையறையில், அத்தானும் நானும் பக்கத்தில் இருக்க. அதன்பிறகு, எக்கோர்ன்களுக்காக நீ மரங்களில் மாட்டிவைத்த கொட்டைப் பெட்டிகளை நிரப்புகிற வேலையை பெரித்தும் நானும் எடுத்துக்கொண்டோம். மற்றவர்களும் வந்தார்கள். தமிழ்நாட்டில் இருந்து கணினி வேலைக்கு வந்து இரண்டாம் மாடியில் இருக்கிற நித்யா தண்ணீர்க் கிண்ணத்தில் பனிக்கட்டி உடைக்கிற பொறுப்பை ஏற்றாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள், இனியா. உன் மடியில் ஏறியிருந்து மூக்குத்தியைப் பிடித்து இழுத்த அதே பிள்ளைதான்.

தை மாதத்தில் ஒரு காலை, நான் ரயிலுக்குப் போகிற பாதையில் ஒரு எக்கோர்ன் இருந்தது. பனியை ஒதுக்கிய ஓரத்தில், கால்களைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளை குந்தியிருப்பது போல. நான் கிட்டப் போனேன். ஓடவில்லை. இன்னும் கிட்டப் போனேன். என்னை நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். அந்த இனம் மனிதனைக் கண்டு ஓடாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? அதன் மூக்கடியில் இரத்தம் கசிந்து உறைந்திருந்தது.

அடுத்த நாள்களில் இன்னும் சில கிடைத்தன. ஒன்றை பெரித் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். திரும்பி வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக் கதவடியில் நின்றாள்.

"எலிமருந்து," என்றாள். "இரத்தம் உறையாமல் செய்கிற வகை. உள்ளுக்குள்ளே ஒழுகி ஒழுகிச் சாகும்."

"எலிக்கு வைச்சதைத் திண்டிருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்லை வதனி. பெட்டியைப் போய்ப் பார்."

போய்ப் பார்த்தோம். நாங்கள் போட்ட கொட்டைகளுக்கு நடுவே நீல நிறத்தில் தானியம். யாரோ கையால் கலந்துவிட்டிருந்தார்கள். பெட்டியில் மட்டுமல்ல, மரங்களின் அடியிலும் தூவிக் கிடந்தது. அதன் மேல் புதிதாகப் பனி விழத் தொடங்கியிருந்தது.

அக்கா, அன்றிலிருந்து என்னைப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. எங்கள் எல்லோருடைய யன்னல்களும் அந்தத் தோப்பைப் பார்த்துத்தான் இருக்கின்றன. அதில் ஒரு யன்னலுக்குப் பின்னால் நின்று ஒருவர் நாங்கள் கொட்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நாங்கள் போனபிறகு இறங்கி வருகிறார். யார்? படியில் வணக்கம் சொல்கிறவரா? மா அரைத்துத் தரக் கேட்டு வந்தவரா? முன்பு எக்கோர்ன் பற்றி முறைப்பாடு சொன்ன எதிர்க் கட்டடத்து மனிதரோடு ஒருவரும் பேசுவதில்லை என்று ஆயிற்று. அவர் கடந்து போனால் தாய்மார் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். நானும் இழுத்திருப்பேன், இழுக்கப் பிள்ளை இருந்திருந்தால்.

வாசல் கதவுகளில் நொஸ்க்கிலும் தமிழிலும் உருதுவிலும் சோமாலியிலும் எச்சரிக்கை ஒட்டினோம். பெட்டிகளைக் கழற்றினோம். கண்ணில் பட்ட தானியத்தைப் பொறுக்கினோம். நான் வீட்டுக்கு வந்து கை கழுவுவேன், பிறகு குழாயைக் கழுவுவேன், பிறகு திரும்பவும் கை. விரல் மடிப்பெல்லாம் வெடித்துப்போனது. சோறு பிசையும்போது எரியும். எரியும்போது திரும்பப் பயம் வரும்.

அந்த நாள்களில் அத்தான் எங்களோடு வரவில்லை. முழங்கால் நோ என்றார். நானும் நம்பினேன். உன்னுடைய எக்கோர்ன்கள் சாவதைப் பார்க்க முடியாமல் இருக்கிறார் என்று நினைத்து, சாப்பாடு கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. "நித்திரை இல்லையோ அத்தான்?" என்று கேட்டால், "ஓம், இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது. வேலை முடிந்து படியேறிக்கொண்டிருந்தேன். கீழே கதவு அடித்துத் திறந்தது.

"ஆன்ட்டி! வதனி ஆன்ட்டி!"

நித்யாவின் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. பார்ணஹாக என்கிற பாலர் பள்ளியில் இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இனியாவைத் தூக்கியபடி நின்றாள். பிள்ளையின் வெள்ளைக் கையுறை நீலமாக இருந்தது.

"மரத்துக்கிட்ட பனியை அள்ளிட்டு இருந்தா. நான் ஒரு நிமிஷம் போன் பார்த்தேன் ஆன்ட்டி, ஒரே நிமிஷம். இனியா, நாக்கை நீட்டு. ஆன்ட்டி, நாக்கைப் பாருங்க!"

நாக்கும் நீலம்.

நான் அம்புலன்ஸுக்கு அழைத்தேன். மறுமுனையில் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பிள்ளை மட்டும் பயமில்லாமல் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு மேலே இருந்து அத்தான் இறங்கி வந்தார். கையுறையைப் பார்த்தார். கைப்பிடியை எட்டிப் பிடித்தவர், அப்படியே சரிந்து படியில் இருந்துவிட்டார். இருதயம் என்று நினைத்துவிட்டேன்.

அம்புலன்ஸ் வந்தபோது, தன்னைப் பார்க்க வந்தவர்களை அத்தான் கையசைத்துப் பிள்ளையிடம் அனுப்பினார்; அது தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனது. நான் அத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எங்க நோகுது? நெஞ்சோ?"

"வதனி," என்றார். "அது நான்."

"என்ன நீங்கள்?"

"நான்தான் போட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கத்தவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"என்ன மருந்து அத்தான்? பெட்டி எங்க?"

மேலே ஓடினோம். உன்னுடைய சட்டி பானைகள் இருக்கிற தட்டுக்கு அடியில், பொலித்தீன் பைக்குள் ஒரு தகரப் பேணி. அவர் முன்பு வேலை செய்த களஞ்சியத்தில் பாவிக்காமல் விட்டதாம். கண்ணாடி போட்டும் அவரால் எழுத்தை வாசிக்க முடியவில்லை. நான் பறித்து, நித்யாவுக்கு அழைத்து, பேணியில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தேன். அவள் அதை வைத்தியரிடம் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இது எங்கிருந்து கிடைச்சுது ஆன்ட்டி?"

அத்தான் கையை நீட்டிப் போனை வாங்கினார். "நான்தான் பிள்ளை. நான்தான் போட்டனான். வேணுமெண்டு இல்லை, உன்ரை பிள்ளை எடுப்பாள் எண்டு..." அந்தப் பக்கம் அழைப்பு அறுந்தது.

அந்த வகை நஞ்சு உடனே காட்டாதாம். சில நாள் கழித்துத்தான் இரத்தத்தில் தெரியும் என்றார்கள். அந்தச் சில நாளும் நாங்கள் இருந்த இருப்பை உனக்கு எப்படி எழுதுவேன்? போர்க்காலத்தில் பங்கருக்குள் இருந்தபோது கூட, சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்றாவது எங்களுக்குத் தெரியும். இது ஒரு சின்னப் பிள்ளையின் உடம்புக்குள் சத்தமே இல்லாமல் நடக்கிறதா இல்லையா என்று காத்திருப்பது. அத்தானைத் தனியே விடப் பயந்து நான் உன் வீட்டிலேயே தங்கினேன். அப்போதுதான் அவர் மெல்ல மெல்லச் சொன்னார்.

நீ போய்ச் சில கிழமைகளில் சத்தம் தொடங்கியிருக்கிறது. கூரைக்கும் உங்கள் படுக்கையறைச் சீலிங்குக்கும் இடையில். பிறாண்டும், நிற்கும், உருட்டும், திரும்பப் பிறாண்டும். சரியாக நீ படுத்திருந்த இடத்துக்கு மேலே.

"முதல்ல எலியெண்டுதான் நினைச்சன். பிறகு ஒரு நாள் யன்னலால பார்க்கிறன், கூரை ஓரத்தாலை உன்ரை அக்கான்ரை எக்கோர்ன் உள்ளுக்குப் போகுது. வயரைக் கடிச்சு நெருப்புப் பத்திச்சுதெண்டால் எண்டு ஒரு பயம். அதை விட..."

"அதை விட என்ன?"

"அவள்தான் மேல கிடந்து பிறாண்டுறாள் மாதிரி இருந்தது வதனி. என்னைக் கூப்பிடுற மாதிரி. நான் பைத்தியமாகப் போறன் எண்டு பயந்து போனன்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. பெரித்திட்டைச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது? ரஞ்சி வளர்த்ததுகள் எனக்குப் பயமாக் கிடக்கெண்டோ?"

நீ என்ன சொல்லியிருப்பாய் அக்கா? கையில் கிடைத்ததை எடுத்து அவர் மேல் எறிந்திருப்பாயா? அல்லது அந்த மனிதரின் தலையைப் பிடித்து உன் வயிற்றோடு அணைத்திருப்பாயா? எனக்கு இரண்டும் செய்ய வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

நாக்கின் நீலம் பார்ணஹாகவில் யாரோ பிள்ளையின் பிறந்தநாள் கேக்கில் இருந்து வந்தது என்று மறுநாள் தெரியவந்தது. ஆனால் கையுறையில் இருந்தது தானியத்தின் சாயம்தான். அதனால் வைத்தியர்கள் விடவில்லை, கடைசி இரத்தப் பரிசோதனை வரை பார்த்தார்கள். நஞ்சு உள்ளே போகவில்லை. நித்யா எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள்: "இனியா நல்லா இருக்கா." அதை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெரித்திடம் அவரே போய்ச் சொன்னார். நான் கூட நின்றேன். "என் கதவு உங்கள் படிக்கு நேர் கீழே இருக்கிறது," என்றாள் அவள். "ஒரு தடவை தட்டியிருக்கலாம்." பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவரை அழைத்துக்கொண்டு கட்டட நிர்வாகக் குழுவிடமும் பொலிசிடமும் போனாள். இனி என்ன நடக்கும் என்று தெரியாது. தபால்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் அத்தான் எழுந்து நிற்கிறார். இந்த நாட்டில் இத்தனை வருசம் ஒரு அதிகாரி முன்னாலும் தலைகுனிந்து நிற்காத மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை டுக்னாட் வைத்தோம். குடியிருப்பில் எல்லோரும் ஒன்றாக இறங்கிச் செய்கிற பொதுவேலை. வழக்கமாக இலை கூட்டி, வாஃபல் சாப்பிடுகிற நாள். இந்த முறை பனியை அகப்பை அகப்பையாக அள்ளித் தட்டில் பரப்பி நீலம் தேடினோம். தொடங்குவதற்கு முன் அத்தான் எல்லோர் முன்னாலும் நின்று, தன்னுடைய உடைந்த நொஸ்க்கில் சொன்னார். எதிர்க் கட்டடத்து மனிதர் மட்டும் தன் அகப்பையை நிலத்தில் குத்திவிட்டுச் சொன்னார்: "இரண்டு மாதமாக என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை." பிறகு குனிந்து அள்ளத் தொடங்கினார். அந்த வசனம் எங்கள் எல்லோருக்கும்தான்.

நித்யாவும் வந்திருந்தாள். அத்தானிடம் நேரே வந்தாள். "எனக்கு உங்க மேல கோபம் போகல அங்கிள். எப்போ போகும்னு தெரியல. போகாமலேயும் இருக்கலாம். ஆனா நான் தேடுவேன். என் பொண்ணு இங்கதான் வளரணும்." அத்தான் தலையை ஆட்டினார். அவள் அவரிடமிருந்து மிகத் தூரமான மரத்தடிக்குப் போனாள்.

கூரைக்குள்ளும் ஏறினோம். பெரித் முன்னால், நான் நடுவில், அத்தான் கடைசியில் டோர்ச்சோடு. வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. உன் கட்டிலுக்கு நேர் மேலே, குளிருக்காகக் கூரைக்குள் அடைத்திருந்த மஞ்சள் பஞ்சைப் பிய்த்து உருட்டிக் கட்டிய ஒரு கூடு. பக்கத்தில் வயரின் தோல் உண்மையாகவே கடிபட்டிருந்தது. அவருடைய பயத்தில் ஒரு பாதி சரி. கூட்டுக்குள் பெரித் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சூடும் இல்லை. அதில் இருந்தது செத்ததில் ஒன்றா, வெளியே போயிருந்ததா, யாருக்குத் தெரியும்? சில நாள் பார்த்திருந்து, ஒன்றும் வரப்போகவில்லை என்று நிச்சயமான பிறகே ஓட்டையைக் கம்பிவலையால் அடைத்தோம். தோப்பில் மரக் கூடுகள் செய்து கட்டிவிட்டோம். குட்டி போடுகிற காலம் வருகிறது. ஒரு கூட்டின் வாசலில் பாசியை இழுத்துப் போட்ட அடையாளம் இருக்கிறது என்று பெரித் சொல்கிறாள். கிட்டப் போய்ப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

போன கிழமை அத்தான் காலையிலேயே போன் எடுத்தார். "வதனி, ஒரு சத்தமும் இல்லை," என்றார்.

"நல்லதுதானே அத்தான்."

"இல்லையடி. இப்ப அதுதான் பயமாக் கிடக்கு."

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேலே போனேன். இப்போது பின்னேரங்களில் பெரித்தும் வருகிறாள். மூன்று பேரும் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருக்கிறோம்.

இனிமேல்தான் பெரிய பயம் அக்கா. பனி உருகுகிறது. கூரையில் இருந்து சொட்டுகிறது, பாதையோரமெல்லாம் தண்ணீர். எங்கெங்கே, எவ்வளவு தூவினேன் என்று அத்தானுக்கே நினைவில்லை. ஒவ்வொரு நாளும் பனி ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது, ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு நீல மணி வெளியே வருகிறது. பார்ணஹாகப் பிள்ளைகள் போகத் தொடங்குவதற்கு முன்னால், மரங்களில் இருந்து எக்கோர்ன்கள் இறங்குவதற்கு முன்னால், அத்தானும் நானும் இறங்கிவிடுகிறோம். அவருக்கு முழங்கால் நோ உண்மையிலேயே வந்துவிட்டது. ஈர நிலத்தில் சாக்கை விரித்து மண்டியிட்டு, புருவம் பிடுங்குகிற சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் போத்தலுக்குள் போடுகிறார். ஒன்றும் கிடைக்காத காலையில்தான் அவர் முகம் இன்னும் கறுக்கிறது. இனி இல்லை என்பதா, எங்கள் கண்ணில் படவில்லை என்பதா?

ஏழரைக்குப் பிறகு நித்யா வருவாள். மரங்களடிக்கு வந்ததும் இனியாவைத் தூக்கிவிடுவாள். பிள்ளை இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைக்கும். அவள் இறக்க மாட்டாள். தோப்பைத் தாண்டும் வரை, அந்தப் பாரத்தோடு, வழுக்கும் பாதையில் மூச்சு வாங்க நடந்துபோவாள். எங்களைப் பார்ப்பதில்லை. நாங்களும் குனிந்த தலை நிமிர்வதில்லை.

கடைசி மணியை எடுக்கும் வரை தேடுவேன் என்று உனக்கு வாக்குத் தர மாட்டேன். எது கடைசி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாதே. இதைத்தான் தருகிறேன்: அந்தப் பிள்ளையை அவள் தாய் தானாகவே அந்த மண்ணில் இறக்கிவிடுகிற நாள் வரை, ஒவ்வொரு காலையும் நான் போவேன். உன் மனிதரைத் தனியே குனிய விடமாட்டேன்.

பயத்தோடும், பயத்தை விட்டு ஓடாமலும்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
வதனி